குடியிருப்பு அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் வங்கிக் கணக்கு கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் மேடம். வீட்டிலிருந்தபடியே ஃப்ரீலான்ஸாக மென்பொருள் வேலை செய்கிறேன். வருமானத்தில் பெரும்பகுதி யூரோ புழங்கும் நாடு ஒன்றில் இருக்கும் ஒரே கம்பெனியிலிருந்து வருகிறது. பணம் அனுப்பும் ஒவ்வொரு முறையும் நடுவில் எங்கேயோ கொஞ்சம் பிடித்துக்கொள்கிறார்கள். "எங்கள் நாட்டிலேயே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்களேன், இரண்டு பேருக்கும் சுலபம்" என்கிறது கம்பெனி. மூன்று வாரச் சுற்றுலா விசாவில் அங்கே போனபோது இரண்டு வங்கிகளில் ஏறி இறங்கினேன். ஒன்றில், "உள்ளூர் முகவரிப் பதிவு இருக்கிறதா?" என்று கேட்டு அப்படியே அனுப்பிவிட்டார்கள். இன்னொன்றில் எல்லாத் தாள்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, பத்து நாள் கழித்து "இயலவில்லை" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை. இப்போது ஓர் ஏஜென்ட், உள்ளூர் முகவரியும் கணக்கும் சேர்த்தே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நேர்வழி ஏதாவது இருக்கிறதா? திறந்தால் என் நாட்டு வரித்துறைக்குச் சொல்ல வேண்டுமா? - பெயர் வெளியிட விரும்பாத வாசகர்.

பதில்: ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால், போனது அந்தப் பணம் மட்டும் என்று விட்டுவிடுங்கள். அவர் தரும் முகவரியில் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். பெரும்பாலான நாடுகளில், குடியிருப்பு அனுமதி இல்லாத வெளிநாட்டவர் கணக்குத் திறப்பதைச் சட்டம் தடுப்பதில்லை. "முடியாது" என்று நிற்பது வங்கிதான். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக வங்கி உங்களை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்றில்லை. கணக்கு என்பது ஒப்பந்தம், அதில் இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும்.

நான் பல ஆண்டுகள் ஒரு வங்கியில், புதிய கணக்கு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவள். கவுன்டரில் சிரித்துப் பேசி உங்கள் தாள்களை வாங்குபவர் முடிவெடுப்பதில்லை. அவை உள்ளே எங்களைப் போன்றவர்களிடம் வரும். நாங்கள் உங்களைப் பார்ப்பதே இல்லை, கோப்பைத்தான் பார்ப்போம். அந்தக் கோப்பு மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: நீங்கள் யார், பணம் எங்கிருந்து வருகிறது, ஏன் இங்கே. வெளிநாட்டவர்களில் பெரும்பாலோர் முதல் கேள்விக்கு மட்டும் கட்டுக் கட்டாகச் சான்று கொண்டுவருவார்கள். இரண்டாவதற்கு அரைகுறையாக ஏதோ இருக்கும். மூன்றாவதற்கு ஒன்றுமே இருக்காது.

ஒரே வாரத்தில் என் மேசைக்கு வந்த இரண்டு கோப்புகள் இன்னும் நினைவிருக்கின்றன. ஒன்று வசதியான ஒருவருடையது. பாஸ்போர்ட் நகல், சொத்துப் பத்திரங்கள், மூன்று நாட்டு வங்கி அறிக்கைகள் என்று கனமாக இருந்தது. கணக்கின் நோக்கம் என்ற கட்டத்தில் "சொந்த உபயோகம்" என்று இரண்டே சொல். இன்னொன்று, வெளிநாட்டு ஆசிரியை ஒருவருடையது, மெல்லிய கோப்பு. அவர் மகள் எங்கள் ஊரில் படித்துக்கொண்டிருந்தாள். பருவத்துக்கு ஒரு முறை கட்டணம் கட்ட வேண்டும், இதோ கல்லூரியின் கட்டண அட்டவணை, இதோ என் சம்பளச் சீட்டு, ஆண்டுக்கு இவ்வளவு வரும், படிப்பு முடிந்ததும் கணக்கை மூடிவிடுவேன் என்று ஒரு பக்கக் கடிதம் வைத்திருந்தார். ஆசிரியைக்கு அன்றே கணக்குக் கிடைத்தது. பணக்காரருக்குக் கிடைக்கவில்லை. அவர்மேல் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நாளைக்கு ஒரு தணிக்கையாளர் வந்து, "இவருக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

வங்கியின் பயம் இதுதான். 1989இல் தொடங்கிய எஃப்.ஏ.டி.எஃப். என்ற சர்வதேச அமைப்பு, கறுப்புப் பணத்தையும் பயங்கரவாத நிதியையும் தடுக்க நாற்பது பரிந்துரைகள் வைத்திருக்கிறது. ஏறக்குறைய உலகம் முழுவதும் அவற்றை ஒட்டியே சட்டம் எழுதியிருக்கிறார்கள். சறுக்கினால் வங்கிக்கு விழும் அபராதம் பெரியது. உங்கள் கணக்கால் வரும் லாபமோ சில்லறை. தொலைவில் இருக்கும் ஒருவரைச் சரிபார்க்க உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு நேரமாகும். இந்த லாப நஷ்டத்தைப் பார்த்தே பல வங்கிகள் "குடியிருப்பவர்களுக்கு மட்டும்" என்று ஒரே கோடாகக் கிழித்துவிடுகின்றன. முதல் வங்கி உங்களை அனுப்பியது இதனால்தான். அங்கே திரும்பிப் போய்ப் பேசிப் பயனில்லை.

இரண்டாவது வங்கி காரணம் சொல்லாததற்கு வருத்தப்படாதீர்கள். ஒருவரைச் சந்தேகித்து வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்பியிருந்தால் அதை அவருக்குத் தெரியவிடக்கூடாது என்பது பல நாடுகளில் சட்டம். அதனால் சந்தேகமே இல்லாதவர்களிடம்கூட வாயைத் திறக்காமல் இருக்கவே ஊழியர்கள் பழக்கப்படுத்தப்படுகிறார்கள். எரிச்சலூட்டும் பழக்கம்தான். நானும் அப்படி ஒரு வரிக் கடிதங்கள் நிறைய அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு வேண்டியது வங்கிக் கணக்குதானா, இல்லை யூரோவில் பணம் வாங்க ஒரு கணக்கு எண்ணா? இரண்டும் ஒன்றல்ல. அங்கே வீட்டுக் கடன், வாடகை ஒப்பந்தம், மின்கட்டணம் எதுவும் உங்களுக்கு இல்லை. மாதாமாதம் ஒரு கம்பெனியிலிருந்து பணம் வர வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு வைஸ், பயோனியர் போன்ற இணையப் பணப்பரிமாற்ற நிறுவனங்கள் யூரோ கணக்கு எண் தருகின்றன. எந்த நாட்டில் வசிப்பவருக்கு எந்த வசதி என்பது மாறும், உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்து அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் சொந்த நாட்டு முகவரியும் பாஸ்போர்ட்டும் போதும், கம்பெனியின் நாட்டில் நீங்கள் வசிக்கிறீர்களா என்று கேட்கமாட்டார்கள். கிடைக்கும் ஐபேன் எண் (நாட்டுக் குறியீட்டோடு தொடங்கும் சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கம்பெனி இருக்கும் நாட்டுடையதாக இல்லாமல், பெல்ஜியத்துடையதாகவோ லிதுவேனியாவுடையதாகவோ இருக்கலாம். "எங்கள் நாட்டுக் கணக்குதான் வேண்டும்" என்று கம்பெனியின் கணக்குப் பிரிவு மூக்கைச் சுளித்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு 260ஆம் எண் ஒழுங்குமுறையின் ஒன்பதாவது பிரிவைக் காட்டுங்கள். யூரோவில் பணம் அனுப்பும் ஒருவர், பெறுபவரின் கணக்கு ஒன்றியத்துக்குள் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது என்கிறது அது. பெரும்பாலும் அவர்களுக்கே இது தெரியாது. பழைய மென்பொருள் வேற்று நாட்டு ஐபேனை ஏற்காமல் இருக்கும், அவ்வளவே. சொன்னால் சரிசெய்துவிடுவார்கள்.

பெயரில் மட்டும் கவனம். 2025 அக்டோபரிலிருந்து யூரோ நாடுகளில் பணம் அனுப்பும் முன் ஐபேனும் பெறுபவர் பெயரும் பொருந்துகிறதா என்று வங்கிகள் பார்த்துச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் இன்ஷியல் விரிந்தும், இன்வாய்ஸில் சுருங்கியும், வங்கி அறிக்கையில் முன்னுக்குப் பின் மாறியும் இருக்கும் நம் பெயர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். பாஸ்போர்ட்டில் எப்படியோ, எல்லா இடத்திலும் அப்படியே எழுதுங்கள்.

ஒரு குறை இருக்கிறது. இந்த நிறுவனங்களில் பல வங்கிகள் அல்ல, மின்பண நிறுவனங்கள். உங்கள் பணத்தைத் தங்கள் பணத்தோடு கலக்காமல் தனியே பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வங்கி வைப்புக்கு இருக்கும் காப்பீடு இதற்குக் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வங்கி திவாலானால் ஒரு வாடிக்கையாளருக்கு 1,00,000 யூரோ வரை கிடைக்கும், அமெரிக்காவில் 2,50,000 டாலர். நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்பது அங்கே பொருட்டல்ல. ஆகவே மின்பணக் கணக்கில் பணம் வரட்டும், போகட்டும், தங்க வேண்டாம்.

நடுவில் பிடிக்கும் பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தலைவலியே அதில்தான் தொடங்குகிறது. இப்போது கம்பெனி அநேகமாக ஸ்விஃப்ட் என்ற சர்வதேச வங்கி வலையமைப்பு வழியாக அனுப்புகிறது. அனுப்பும் வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் நேரடி உறவு இல்லையென்றால் நடுவில் ஒன்றிரண்டு இடைநிலை வங்கிகள் வந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அனுப்பும் படிவத்தில் கட்டணம் யாருடையது என்று மூன்று தேர்வுகள் உண்டு: அனுப்புபவருடையது, பகிர்ந்துகொள்வது, பெறுபவருடையது. முதல் தேர்வுக்கு ஆங்கிலத்தில் 'அவர்' (OUR) என்று குறியீடு. தமிழ்க் காதில் அது வேறு யாரோ கட்டுவதுபோல் ஒலிக்கும். அதன் பொருள் 'எங்களுடையது'. கம்பெனியிடம் இந்த முதல் தேர்வைப் போடச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால், குறைவது பெரும்பாலும் இடைநிலைக் கட்டணத்தில் இல்லை, உங்கள் வங்கி யூரோவை மாற்றும் விகிதத்தில். சந்தை விகிதத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வெளிநாட்டுக் கணக்குத் தேடி அலைந்தவர்களில் சிலருக்கு, தங்கள் சொந்த வங்கியிலேயே வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்ததும் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் அங்கே முறையான வங்கிக் கணக்குதான் வேண்டும் என்றால், அதுவும் நடக்கக்கூடியதே. நாட்டுக்கு நாடு கதவு வேறு மாதிரி.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014ஆம் ஆண்டு உத்தரவு ஒன்று, அடிப்படை வங்கிக் கணக்கை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. நிலையான முகவரி இல்லாதவருக்கும், அடைக்கலம் கோரியவருக்கும்கூட அது உண்டு. முழுமையான விண்ணப்பம் வந்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி திறக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். இணையத்தில் பலர் இதை எடுத்துக் காட்டி, "யாருக்கும் மறுக்க முடியாது" என்கிறார்கள். அது தவறு. ஒன்றியத்துக்குள் சட்டப்படி வசிப்பவர்களுக்குத்தான் அந்த உரிமை. மூன்று வாரம் சுற்றிப் பார்க்க வந்த உங்களுக்குப் பொருந்தாது. பின்னாளில் படிக்கவோ வேலைக்கோ நீண்டகால விசா கிடைத்து அங்கே போனால், அன்றைக்கு இதைக் கையில் எடுங்கள்.

எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சி (மின்னணுக் குடியிருப்பு) பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 2014 டிசம்பரில் தொடங்கிய திட்டம் அது. கிடைப்பது ஒரு மின்னணு அடையாள அட்டை, அதை வைத்து அங்கே கம்பெனி பதிவு செய்யலாம், ஆவணங்களில் கையெழுத்திடலாம். பெயரில்தான் ரெசிடென்சி இருக்கிறது. விசாவும் இல்லை, வரிக் குடியிருப்பும் இல்லை, வங்கிக் கணக்குக்கு உத்தரவாதமும் இல்லை.

ஜப்பானில் கதவு இன்னும் இறுக்கம். அங்கே வேலையில் சேராத வெளிநாட்டவர், நாட்டுக்குள் வந்து ஆறு மாதம் ஆகும்வரை அந்நியச் செலாவணிச் சட்டப்படி 'வசிக்காதவர்' என்ற கணக்கில் வருவார். சாதாரணக் கணக்குக்கு அவரைப் பல வங்கிகள் ஏற்பதில்லை.

அமெரிக்காவில் விநோதம் வேறு. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாவிட்டால் கணக்கே கிடையாது என்று கவுன்டரில் சொல்வார்கள். வாடிக்கையாளர் அடையாள விதியோ, அமெரிக்கர் அல்லாதவரிடம் பாஸ்போர்ட் எண்ணும் அதை வழங்கிய நாட்டின் பெயரும் வாங்கினால் போதும் என்கிறது. பல வங்கிகளின் இணையப் படிவம் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது, அதனால் பெரும்பாலும் கிளைக்கு நேரில் போவதுதான் வழி. திறந்தால் டபிள்யூ-8பென் என்ற படிவத்தில் 'நான் அமெரிக்க வரி செலுத்துபவன் அல்ல' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் கடைசி நாள்வரை பொதுவாக அது செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டால் வங்கிக்கு உங்கள் நிலை குழப்பமாகி, வட்டியில் கைவைக்கக்கூடும்.

எந்த நாடானாலும் நான் முதலில் கேட்கச் சொல்வது உங்கள் சொந்த வங்கியைத்தான். அதற்கு அந்த நாட்டில் கிளையோ துணை நிறுவனமோ இருந்தால், பத்து வருட வாடிக்கையாளர் என்ற உங்கள் சரித்திரம் கோப்போடு சேர்ந்து வரும். சில பெரிய வங்கிகள் ஒரு நாட்டில் இருந்துகொண்டே இன்னொரு நாட்டுக் கணக்கைத் திறந்து வைக்கும் வசதி தருகின்றன. ஆனால் அதற்குக் கேட்கும் குறைந்தபட்ச இருப்பு சம்பளக்காரர்களை மிரளவைக்கும்.

நேரில் போவதாக இருந்தால், விமானம் ஏறும் முன் எழுதிக் கேளுங்கள். போய் இறங்கியபின் கிளை கிளையாக அலைந்தால் மூன்று வாரம் போதாது, நீங்களே பார்த்தீர்கள். "உங்கள் நாட்டில் குடியிருப்பு இல்லை, இந்த நாட்டுப் பாஸ்போர்ட், இந்தக் காரணத்துக்காக, மாதம் ஏறக்குறைய இவ்வளவு வரும், இப்படிப்பட்டவரை ஏற்பீர்களா, என்ன தாள் வேண்டும்?" என்று நான்கு வரி போதும். ஒரே வங்கியின் இரண்டு கிளைகள் இரண்டு பதில் தருவதும் உண்டு. வெளிநாட்டு மாணவர்களும் தூதரக ஊழியர்களும் புழங்கும் பகுதியில் இருக்கும் கிளைக்கு இதெல்லாம் பழக்கப்பட்டிருக்கும். நிழலான ஒரு குடியிருப்புத் தெருவின் கிளைக்கு நீங்கள் ஒரு புதிர்.

தாள்களில் பாஸ்போர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முகவரிச் சான்றுதான் எல்லாரும் தடுக்கி விழும் இடம். உள்ளூர் முகவரி இல்லை என்றால் உங்கள் சொந்த முகவரியை மறைக்காமல் கொடுங்கள். பல வங்கிகள் கேட்பது ஏதாவது ஒரு நாட்டில் சரிபார்க்கக்கூடிய முகவரிதான். மின்கட்டண ரசீதோ வங்கி அறிக்கையோ அண்மையில் வந்ததாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு மேல் பழையதை எடுத்து வைத்தாலே பல வங்கிகள் திருப்பிவிடும். வேறு மொழியில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். நகலுக்கு நோட்டரி முத்திரையும் அதன்மேல் அப்போஸ்தில்லும் கேட்கக்கூடும். அப்போஸ்தில் என்பது 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஒற்றைச் சான்று. அதை உங்கள் நாட்டிலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும், அங்கே போய் வாங்க முடியாது. சொந்த நாட்டு வரி அடையாள எண், ஆறு மாத வங்கி அறிக்கை, முடிந்தால் உங்கள் வங்கியிடமிருந்து ஒரு அறிமுகக் கடிதம்.

இவற்றோடு, உங்கள் விஷயத்தில் தீர்ப்பை மாற்றக்கூடியவை இன்னும் இரண்டு: கம்பெனியுடனான ஒப்பந்தம், கடந்த ஓர் ஆண்டு இன்வாய்ஸ்கள். கம்பெனி தன் கடிதத் தாளில், "இவர் எங்களுக்கு இன்ன வேலை செய்கிறார், கட்டணத்தை இந்தக் கணக்கில் செலுத்துவோம்" என்று எழுதித் தந்தால் இன்னும் நல்லது. அந்தக் கம்பெனியே கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குப் போங்கள். பணம் அனுப்புபவரை வங்கிக்கு ஏற்கெனவே தெரியும் என்பதைவிட நல்ல சிபாரிசு கிடையாது. மேலே ஒரு பக்கக் கடிதம், அந்த ஆசிரியை எழுதியது போல. உள்ளே உட்கார்ந்திருக்கும் அதிகாரி அதை அப்படியே தன் குறிப்பில் எழுதி மேலே அனுப்ப முடிய வேண்டும்.

ஏஜென்ட்டுக்கு வருவோம். அவர் தரப்போவது அநேகமாக அவருக்குத் தெரிந்தவர் வீட்டு முகவரி, அல்லது கணினியில் திருத்திய ஒரு மின்கட்டண ரசீது. கணக்கு திறந்துவிடும், உண்மைதான். ஆனால் வங்கிகள் கணக்குத் திறந்த பிறகும் அவ்வப்போது சரிபார்க்கும். இணையத்தில் கணக்குக்குள் நுழைந்திருப்பது எப்போதும் வேறு நாட்டிலிருந்து, அட்டை அந்த ஊரில் ஒரு முறைகூடத் தேய்க்கப்படவில்லை என்றால் கேள்வி வரும். கடிதம் போவது உங்களுக்கல்ல, அந்த முகவரிக்கு. பதில் இல்லையென்றால் முடக்கம். முடங்கிய கணக்கில் இருப்பது உங்கள் உழைப்பு, ஆனால் அதை மீட்க நீங்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது பொய் முகவரி கொடுத்ததை. அதைவிட மோசமானது, முகவரியோடு அட்டையும் கடவுச்சொல்லும் அவர் கைக்குப் போவது. உங்கள் பெயரில் யார் யார் பணமோ ஓடும். ஊரறிந்த பினாமி வேலைதான், நாடு மட்டும் வேறு. வழக்கு வந்தால் கையெழுத்து உங்களுடையது. பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பவும் சந்திப்பு நேரம் வாங்கவும் உதவும் நேர்மையான ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் உண்மையான முகவரியில்தான் வேலை செய்வார்கள்.

வரித்துறைக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள். கணக்குத் திறக்கும்போதே, எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள் என்று ஒரு சுய உறுதிமொழி வாங்குவார்கள். 2014இல் ஓ.இ.சி.டி. என்ற நாடுகளின் பொருளாதார அமைப்பு வகுத்த பொது அறிக்கைத் தரத்தின்படி, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் தங்கள் வங்கிகளில் இருக்கும் வெளிநாட்டவர் கணக்குகளின் இருப்பு, வட்டி விவரங்களை அவரவர் நாட்டு வரித்துறைக்குத் தாமாகவே அனுப்புகின்றன. முதல் பரிமாற்றம் 2017இல் நடந்தது. அமெரிக்கா இதில் இல்லை, அமெரிக்கர்களின் கணக்குகளை வெளிநாட்டு வங்கிகள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஃபாட்கா என்ற 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்திருக்கிறது. ஆக, நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும் என்பதே பெரும்பாலான இடங்களில் நிலவரம். உங்கள் நாட்டு வருமானவரிப் படிவத்தில் வெளிநாட்டுக் கணக்குக்குத் தனிப் பகுதி இருக்கிறதா, அந்நியச் செலாவணி விதிப்படி தொழில் வருமானத்தை வெளியே நிறுத்தி வைக்கலாமா, குறிப்பிட்ட காலத்துக்குள் உள்ளே கொண்டுவர வேண்டுமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கணக்குத் திறக்கும் முன்பே கேளுங்கள். சிலருக்கு அந்தப் பதிலிலேயே கணக்குத் திறக்கும் ஆசை அடங்கிவிடும்.

கணக்கு கிடைத்துவிட்டால் அதைச் சும்மா விடாதீர்கள். மாதப் பராமரிப்புக் கட்டணம் சத்தமில்லாமல் இருப்பைத் தின்னும். நீண்ட நாள் அசைவில்லாவிட்டால் செயலற்றதாக்கி விடுவார்கள், உயிர்ப்பிக்க நேரில் வரச் சொல்வார்கள். உள்நுழையும் கடவு எண் எந்தக் கைப்பேசிக்கு வரும் என்பதையும் திறக்கும் அன்றே பாருங்கள். சுற்றுலாவில் வாங்கிய உள்ளூர் சிம்மைக் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பியதும் அது காலாவதியாகி, சொந்தப் பணத்தை வெளியே நின்று பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக, அந்த இரண்டாவது வங்கி. ஒப்பந்தமும் கம்பெனி கடிதமும் இல்லாமல்தான் முதல் முறை கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவற்றோடு அங்கேயே மறுபடியும் விண்ணப்பிக்கலாம். "இதற்கு முன் விண்ணப்பித்து மறுக்கப்பட்டதா?" என்ற கேள்வி படிவத்தில் இருந்தால் "ஆம்" என்று எழுதி, இந்த முறை என்ன கூடுதலாக வைத்திருக்கிறீர்கள் என்று கீழே ஒரு வரி சேருங்கள். பழைய கோப்பு அவர்களிடம் இருக்கும், முதலில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.